இரண்டு முட்டையும் ஒரு மைல் ஓட்டமும்

கல்யாணம் ஆச்சு, கால் போச்சு. மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே லைன் வீடுகளில் இரண்டு வருஷம் இதுதான் பேச்சு. போன கால் என் வீட்டுக்காரருடையது. போக வைத்தது என் சமையல் என்பது ஊர்த் தீர்ப்பு.

முதல் உலகச் சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அவர் கிளாங் வழியாக போர்ட் சுவெட்டன்ஹாம் போகிற ரயிலில் ஃபயர்மேன். இஞ்சினில் நின்று அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை விளையாட்டுப் போட்டி நடக்கும். அதில் ஒரு மைல் ஓட்டம் என்றால் திடலைச் சுற்றி நாலு சுற்று. கல்யாணத்துக்கு முன்னால், கட்டைப் பிரம்மச்சாரிகள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, அவர் இரண்டு வருஷம் தொடர்ந்து முதலாவதாக வந்தவர். நான் கப்பலில் வந்து இறங்கி அடுப்பு மூட்டிய முதல் வருஷம் நாலாவதாக வந்தார். இரண்டாவது வருஷம் கடைசிச் சுற்றில் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தேவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மனைவி. லைனில் யார் வீட்டுக் குழம்பும் அவளைக் கேட்காமல் கொதிக்காது. காலையில் காய் விற்கும் சீனர் காவடிக் கூடையை இறக்குகிற இடத்தில் நாங்கள் எல்லோரும் கூடுவோம். அங்கே என் காது கேட்கவே சொன்னாள்: "மெஸ் சோத்துல ஜெயிச்ச மனுஷன், பொண்டாட்டி சோத்துல தோத்துட்டாரு." எல்லோரும் சிரித்தார்கள். சீனருக்கு என்ன புரிந்ததோ, அவரும் சிரித்தார். நான் வாங்க வந்த கத்தரிக்காயை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாய்க்கு மட்டும் நாற்பது. ஒன்று சொன்னால் நாலு திருப்பிக் கொடுப்பேன். ஆனால் இதற்கு என்ன பதில் சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவர் ஒரு தடவை ஜெயித்தால்தான் அந்த வாய் மூடும். அவரோ, இன்னும் ஒரே ஒரு வருஷம் ஓடிப் பார்க்கிறேன், அதோடு சரி என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வருஷத்தில் ஜெயிக்காவிட்டால், புருஷன் காலை ஒடித்த சமையல்காரி என்ற பெயர் எனக்கு நிலைத்துவிடும். 

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். முதல் வருஷத்துத் தோல்விக்கு நான் பொறுப்பு, ஆனால் நான் மட்டும் பொறுப்பில்லை. புது ஜோடிக்கு விருந்து வைக்க இந்த நாட்டில் எங்களுக்கு மாமன் மச்சான் யாரும் கிடையாது. அதனால் லைன் வீடுகளே முறை போட்டுக்கொண்டு கூப்பிடும். எந்தப் பெண் புதிதாக வந்தாலும் அதுதான் வழக்கம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீடு. வடை, பாயசம், நெய்ச்சோறு, பொரித்த கோழி. இலையில் மிச்சம் வைத்தால் அந்த வீட்டம்மா முகம் சுருங்கும். இப்போது என்னைக் குற்றம் சொல்கிற அதே அக்கா வீட்டில்தான் அவருக்கு மூன்று தடவை பாயசம் ஊற்றினார்கள்.

மற்ற நாளெல்லாம் என் கைவரிசை. நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனுஷனுக்கு நெய் வேண்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பருப்பில் நெய், ரசத்தில் நெய், தோசையைச் சுற்றி நெய். இரண்டரை மணிக்கு வேலை முடிந்து வந்து இதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணிக்குத் திடலில் ஓடப் போவார். போகும்போது ஏப்பம் விட்டுக்கொண்டே போவார். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மெஸ்ஸில் என்னதான் போட்டார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "சோறு, பருப்பு, நெத்திலி. வேற என்ன?" என்றார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலாவதாக வந்த பிறகு, லைன் கோடியில் இருந்த டிரஸ்ஸரிடம் யோசனை கேட்டேன். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவர். ஆனால் பேச்சைக் கேட்டால் பெரிய டாக்டருக்கே அவர்தான் பாடம் சொல்லிக் கொடுத்ததுபோல இருக்கும். இன்று பத்திரிகைகளில் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் என்று பிரித்து எழுதுகிறார்கள். அவர் அன்றைக்கே அதைத்தான் சோறு, நெய், முட்டை என்று விளக்கினார். சோறு ஓடுவதற்கு வேண்டிய தெம்பைக் கொடுக்கும். முட்டையும் மீனும் பருப்பும் தேய்ந்த சதையைத் திரும்பக் கட்டும். நெய் கொஞ்சம் வேண்டும்தான், ஆனால் செரிக்க நேரம் பிடிக்கும், ஓடுகிறவன் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். நெய்யைக் குறைத்துத் தினம் இரண்டு முட்டை கொடு, பெரிய மீன் துண்டாகக் கொடு என்றார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பழமொழியும் சொல்லி அனுப்பினார்.

சரி என்று இறங்கினேன். பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, ஒரு மலாய் அம்மா நாட்டுக்கோழி முட்டை கொண்டு வருவார்; அவரிடம் வாடிக்கை வைத்தேன். போர்ட் சுவெட்டன்ஹாமில் படகிலிருந்து இறங்குகிற மீனை என் வீட்டுக்காரரே வாங்கி, வாளியில் போட்டு ஈரச் சாக்கால் மூடி, இஞ்சினிலேயே வைத்துக் கொண்டுவருவார். கரி வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து வரும். சாயங்காலம் ஓடிவிட்டு வந்ததும் இரண்டு அவித்த முட்டை, மீனில் நடுத்துண்டு, பருப்பு, சோறு. தட்டைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும்.

அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு அதே தட்டில் நான் சாப்பிடுவேன். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தட்டில் எப்போதும் ஏதாவது மிச்சம் இருக்கும். ஒரு முட்டை, சில நாள் ஒன்றரை, மீனில் நல்ல சதைப் பக்கம். பாவம், நிறையப் போட்டுவிட்டேன் போல, தெவிட்டிவிட்டது என்று நினைத்து, வீணாக்கக் கூடாதே என்று நான் சாப்பிட்டுவிடுவேன். அவர் எனக்குத் தெரியாமல் இன்னொரு தடவை சோறு போட்டுக்கொள்வதும், நெய்க் கிண்ணம் தானாகக் குறைவதும் எனக்குத் தெரியும். நெய்யை மறக்க முடியவில்லை, பழக்க தோஷம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம்தான் கடைசிச் சுற்றில் உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் நின்ற நான் குடையை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்துக்கொண்டு கால் கழுவப் போனார். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் நேராக டிரஸ்ஸர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு வருஷம் முழுக்கத் தினம் இரண்டு முட்டை கொடுத்தேன், உங்கள் பேச்சைக் கேட்டு என் மானம் போனதுதான் மிச்சம் என்று பொரிந்து தள்ளினேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பாதிச் சோப்பு முகத்தோடு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, அந்த முட்டையெல்லாம் யாரு சாப்பிடறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்ன கேள்வி இது என்று முறைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போனபோது கை வளையல் கழலவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இரண்டு மாதமாகக் கை நுழையாமல் பெட்டியில் கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

அன்று சாயங்காலம் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவதுபோலப் போய், கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் ஒரு முட்டையைச் சாப்பிட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை. இன்னொரு முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, அதன்மேல் சோற்றை மூடினார். மீனின் நல்ல பக்கத்தைப் பிய்த்து அதன் அருகில் வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; முழு முட்டையை மறைத்த மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்து, இது என்ன வேலை என்று கேட்டேன். திருடன் மாதிரி விழித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ எனக்கு அப்புறம்தானே சாப்பிடறே. நான் மிச்சம் வச்சாத்தானே உனக்கு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவருக்கு என்று சமைத்ததை எனக்கு ஊட்டிவிட்டு, சோற்றையும் நெய்யையும் போட்டு வயிற்றை நிரப்பிக்கொண்டு ஓடியிருக்கிறார். சதை கட்ட வேண்டியது என் இடுப்பில் கட்டியிருக்கிறது. ஊர் என்னைப் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருந்தீர்களே, உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "அதை எப்படி வெளியில சொல்றது?" என்றார். வாஸ்தவம்தான். பெண்டாட்டிக்கு முட்டை ஒளித்து வைக்கிறவன் என்று தெரிந்தால் இஞ்சின் ஷெட்டில் அவரை உயிரோடு விடமாட்டார்கள். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

அன்றே இரண்டாவது தட்டை எடுத்து அவர் தட்டுக்கு எதிரில் வைத்தேன். எனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் தட்டில் முட்டை இருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அவர் தன் முட்டையைத் தின்பார் என்றால், வேறு என்ன செய்வது? முதல் நாள் வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிட்டேன். ஏதோ தப்புச் செய்வதுபோல இருந்தது. நாலாம் நாள் ஊறுகாய் கேட்டு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் காய்க் கூடையைச் சுற்றிப் புதுப் பேச்சு: புருஷனோடு சரிக்குச் சரி தட்டுப் போட்டு உட்காருகிறாள், அந்த வீடு எப்படி விளங்கும்? இருந்த பழி போதாது என்று இது வேறு. இந்தத் தடவை கத்தரிக்காயைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

முட்டை வழி சரியானது என்றதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. சோறு எதற்கு இவ்வளவு என்று பாதியாகக் குறைத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை. கிளாங் ஸ்டேஷனில் கரி அள்ளுகிற கை நடுங்கி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். டிரைவர் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார். சோறு பழையபடி குன்றாக ஏறியது. அடுத்து நெய்யை அடியோடு நிறுத்தினேன். மனுஷர் சாப்பிட்டு எழுந்த கையோடு, வேறு என்ன இருக்கிறது என்று டப்பாக்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். சிரித்த முகம் சிடுசிடு என்று ஆனது. மதியப் பருப்பில் ஒரு கரண்டி நெய்யைத் திரும்ப விட்டேன், முகம் திரும்பி வந்தது.

இப்படிக் கூட்டியும் குறைத்தும் ஒரு வழிக்கு வந்தேன். விடியற்காலை இஞ்சினுக்குப் பழையசோறும், மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலிச் சம்பலும். இரண்டரை மணிக்குப் புழுங்கலரிசிச் சோறு நிறைய, பருப்பு, கீரை, அந்த ஒரு கரண்டி நெய். ஓடப் போவதற்கு முன்னால் ஒரு வாழைப்பழமும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் மட்டும்; பொரித்தது கண்ணில் படக்கூடாது. ஓடி வந்த பிறகு முட்டை, மீன், கொஞ்சம் சோறு. பார்த்தால் அவருடைய மெஸ் சாப்பாட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சோறு, பருப்பு, நெத்திலி என்று அவர் சொன்னது கேலி இல்லை என்று எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. இதை அவரிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

போட்டி நாள் காலையில் அக்கா ஒரு செம்பு நிறையப் பாயசம் கொடுத்தனுப்பினாள். நல்ல காரியத்துக்குப் போகிறவருக்கு இனிப்பு, மறுத்தால் அபசகுனம். மேலே நெய் மிதந்தது. முந்திரி வேறு. அவர் என்னைப் பார்த்தார், நான் செம்பைப் பார்த்தேன். பிறகு நானே குடித்தேன், கடைசிச் சொட்டு வரை.

திடலில் எட்டுப் பேர் நின்றார்கள். கணக்காபீஸிலிருந்து வந்த ஒரு இளவட்டக் கிளார்க்தான் போன வருஷம் ஜெயித்தவன். நாரை மாதிரி நீளக் கால். முதல் சுற்றில் இவர் ஐந்தாவது. இரண்டாவது சுற்றிலும் ஐந்தாவது. அக்கா என் பின்னால் நின்று உச்சுக்கொட்டினாள். மூன்றாவது சுற்றில் இரண்டு பேரைத் தாண்டினார். கடைசிச் சுற்றில், போன வருஷம் உட்கார்ந்த அதே மூலை வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது கிளார்க்குக்குப் பின்னால் இவர் மட்டும்தான். என்னால் அடக்க முடியவில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதே; "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். திடலில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் என் பக்கம் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை, ஓடினார். ஒரு கை நீளத்தில் முந்தினார்.

பரிசாக ஒரு கெடிகாரம் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் லைன் முழுக்க எங்கள் வாசலில். முருகன் கைவிடவில்லை என்றார் ஒருவர். அந்தக் கிளார்க்குக்குக் காய்ச்சலாம் என்றார் இன்னொருவர். காற்று நல்ல பக்கம் வீசியது என்றுகூட ஒருவர் கண்டுபிடித்தார். என் சமையலைப் பற்றி ஒரு நாக்கும் பேசவில்லை. தோற்றால் என் சோறு, ஜெயித்தால் காற்றா? எல்லோருக்கும் காப்பி கலந்து கொடுத்தேன். என் கை மட்டும்தான் அங்கே இருந்தது. அக்கா வரட்டும், அவளுக்கு இருக்கிறது என்று மனசுக்குள் ஒவ்வொரு வார்த்தையாகத் தீட்டி வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளே வந்தாள். ரயில் இன்னும் வரவில்லை. நான் அப்போதுதான் மீன் குழம்பை இறக்கியிருந்தேன். அவளுடைய கொழுந்தன் பந்து விளையாடுகிறவன், அவனை ரயில்வே டீமில் சேர்க்கப் போகிறார்களாம். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். "என்னடி போட்டே அவருக்கு? மறைக்காம சொல்லு."

இதற்குத்தானே காத்திருந்தேன். சோறு இவ்வளவு, நெய் இவ்வளவு, முட்டை எப்போது என்று அடுக்கினேன். எதற்காகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதையும் போட்டு உடைத்தேன். போன வருஷம் முழுக்க அவர் முட்டையை எனக்கு ஒளித்து வைத்ததையும், நான் தெரியாமல் தின்றதையும், அதனால் அவர் தோற்றதையும், அதற்கு இவள் என்னைப் பேசிய பேச்சையும் சொன்னேன். இனி அவள் வாயைத் திறக்கட்டும், மீதியைக் கொடுக்கலாம் என்று நின்றேன்.

அக்கா ஒரு எட்டு உள்ளே வந்தாள்.

"மிச்சம் வைப்பாரா? முட்டையையா?"

"ஆமாக்கா. மீன்ல நடுத்துண்டையும்."

அவள் அடுப்புக்குப் பக்கத்திலிருந்த குழம்புச் சட்டியைப் பார்த்தாள். "எங்க வீட்டுல இருபது வருஷமா முள்ளுதான்டி மிஞ்சுது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கத்தரிக்காய் விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

தீட்டி வைத்திருந்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தேன். இத்தனை நாள் அவள் புறங்கை எலும்பு தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்ததை நான் பார்த்ததே இல்லை. ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டேன், பருப்பு ஊற்றினேன், நடுத்துண்டாக ஒரு மீனும் ஒரு முட்டையும் வைத்து அவள் முன்னால் நீட்டினேன்.

"உன் வீட்டுக்காரர் இன்னும் வரலையே" என்றாள்.

"அவருக்கு இருக்குக்கா. நீங்க உக்காந்து சாப்பிடுங்க."

அக்கா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, மீனிலிருந்து ஆரம்பித்தாள்.